ஈக்கோவா, ஸ்போர்ட்டா?

மைலேஜ் குறைந்தால் கார்காரர்கள் முதலில் சந்தேகப்படுவது பெட்ரோல் பங்க்கை. அடுத்தது மெக்கானிக்கை. கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானாகவோ திருகாகவோ உட்கார்ந்திருக்கும் 'டிரைவ் மோடு' பற்றிய நினைவு வருவது கடைசியில்தான். வண்டி வாங்கிய முதல் வாரம் குழந்தைகள் அதை மாற்றி மாற்றி அழுத்தி, டாஷ்போர்டில் பச்சையும் சிவப்பும் மாறுவதை வேடிக்கை பார்த்திருப்பார்கள். அதோடு சரி. அதன் பிறகு அந்தப் பொத்தான் ஏதாவது ஓரிடத்தில் நின்றுவிடும், வருஷக்கணக்கில்.

இந்த வசதி ஒரு காலத்தில் பெரும் பணக்காரர்களின் வெளிநாட்டுக் கார்களில் மட்டும் இருந்தது. 2014-ல் வந்த டாடா ஜெஸ்ட் அதை நடுத்தரக் குடும்பத்தின் பெட்ரோல் காருக்குள் கொண்டுவந்தது: ஈக்கோ, சிட்டி, ஸ்போர்ட். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டாவில் ஈக்கோவும் பவரும். 2017-ல் நெக்ஸான், மறுபடி அதே மூன்று. 2021-ல் மகிந்திராவின் எக்ஸ்யுவி 700 டீசலில் ஸிப், ஸாப், ஸூம் என்று பெயர் வைத்தார்கள். கேட்டால் ஏதோ சாக்லேட் விளம்பரம் போலிருக்கும். பெயர்கள் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான்: சிக்கனம், சாதாரணம், வேகம். (தமிழில் இந்த முதலாவதை 'ஈகோ' என்று எழுதினால் அகந்தை ஆகிவிடுகிறது. சாலையில் நடப்பதைப் பார்த்தால் அந்தப் பெயர் ஸ்போர்ட்டுக்குத்தான் பொருந்தும். குழப்பம் வேண்டாமென்று இங்கே ஈக்கோ.)

பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? அம்பாசிடர் காலத்தில் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு கேபிளோ கம்பியோ இருந்தது. கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வால்வு திறந்தது. இப்போது அது கிடையாது. மிதியில் ஒரு சென்சார் இருக்கிறது. கால் கேட்பதை அது கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. எவ்வளவு கொடுக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கம்ப்யூட்டர். காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஈக்கோவில் அவர் அடக்கி வாசிக்கிறார். கால் பாதி அழுத்தினால் கால்வாசி என்று சொல்கிறார். ஸ்போர்ட்டில் அதே பாதியை முக்கால் என்கிறார். ஆட்டோமேட்டிக் வண்டியானால் ஈக்கோவில் கியர் சீக்கிரமே மேலே ஏறும், ஸ்போர்ட்டில் தாமதமாக ஏறும். சில மாடல்களில் ஈக்கோ ஏசியின் கம்ப்ரசரையும் கொஞ்சம் அடக்கும். இன்னும் சிலவற்றில் எஞ்சினின் இழுவைக்கே ஓர் உச்சவரம்பு வைக்கும்.

ஆக, ஸ்போர்ட்டில் போட்டால் எஞ்சினுக்குப் புதிதாக எந்தச் சக்தியும் பிறந்துவிடாது. பெரும்பாலான கார்களில் இருக்கிற சக்தி காலுக்குச் சீக்கிரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஷோரூமில் இதை விளக்கிச் சொல்கிறவர்கள் குறைவு. அங்கே மோடு என்பது குணாதிசயமாக விற்கப்படுகிறது: நிதானமானவருக்கு ஈக்கோ, இளைஞருக்கு ஸ்போர்ட். மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஆளைப் பார்த்தல்ல, ரோட்டைப் பார்த்து.

ரோடு என்று வந்துவிட்டால் திருவனந்தபுரத்தைப்போல் பாடம் நடத்த வேறு நகரம் கிடைப்பது கஷ்டம். சென்னை மாதிரி தட்டையான ஊரல்ல அது. குன்றுகளின் மேலும் இடையிலும் அமைந்தது. பி.எம்.ஜி. சந்திப்பிலிருந்து பிளாமூடுக்கு இறக்கம், அங்கிருந்து பட்டத்துக்கு ஏற்றம். ஸ்டாச்சுவிலிருந்து தம்பானூருக்கு இறங்கினால் திரும்பி வர ஏற வேண்டும். கேசவதாசபுரத்தில் எம்.சி. ரோடு தொடங்குகிறது, கழக்கூட்டத்தில் பைபாஸ். அறுபது கி.மீ. போனால் பொன்முடி மலை. வருஷத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. டவுன் நெரிசல், நான்குவழிச் சாலை, இருவழிச் சாலை, மலை, மழை எல்லாவற்றையும் ஒரே காரை வைத்துக்கொண்டு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம்.

சிக்கனத்துக்கு அங்கே கூடுதல் காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டைவிடக் கேரளத்தில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம். 2023 ஏப்ரலில் சமூகப் பாதுகாப்பு செஸ் என்று இரண்டு ரூபாய் சேர்ந்தது. சுத்திகரிப்பு ஆலை கொச்சியில் இருப்பதால், மாநிலத்துக்குள்ளேயே கொச்சியைவிடத் தலைநகரில் விலை சற்றுக் கூடுதல். களியக்காவிளை எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வரும் கேரளக் கார்கள் டாங்க்கை நிரப்பிக்கொண்டு திரும்புவதில் ஆச்சரியம் இல்லை.

டவுனுக்குள் பெட்ரோல் எங்கே போகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் சிக்னலில் நின்ற இடத்திலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட, அதன் உடலுக்கு ஏற்றும் இயக்க ஆற்றலுக்கு மட்டும் 15 முதல் 20 மில்லி பெட்ரோல் ஆகிறது. ஒன்றரை, இரண்டு ரூபாய். அடுத்த சிக்னலில் பிரேக்கை அழுத்தும்போது அந்த இரண்டு ரூபாய் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. 50-க்குப் பதில் 70-ஐத் தொட்டுவிட்டு நின்றால் நஷ்டம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. காரணம், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. (கேரள நகரச் சாலைகளில் 50-தான் சட்ட வேகம் என்பது வேறு விஷயம். 2023 ஜூன் முதல் மாநிலமெங்கும் 726 காமிராக்கள் அபராதச் சீட்டுக்காகக் கண்விழித்திருக்கின்றன.)

இந்தக் கணக்கில் மோடு எங்கே வந்தது? வரவே இல்லை. ஈக்கோவில் போய் 50-ஐத் தொட்டாலும் ஸ்போர்ட்டில் போய்த் தொட்டாலும் காரின் உடலில் ஏறும் ஆற்றல் ஒன்றுதான். ஈக்கோ செய்வதெல்லாம், அடுத்த சிக்னலுக்குள் 70-ஐத் தொடும் சபலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதும், எஞ்சினைக் குறைந்த சுற்றில் வைத்திருப்பதும். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனப் பிரிவு தரும் கணக்குப்படி, பாய்ச்சலும் திடீர் பிரேக்குமாக ஓட்டினால் நின்று நின்று போகும் டவுன் சாலையில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையும். நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம். அந்த இடைவெளி ஓட்டுகிறவரின் காலில் இருக்கிறது. பொத்தான் அந்தக் காலுக்கு ஒரு கடிவாளம் மட்டுமே. காலையில் பட்டம் சிக்னலுக்கு நூறு மீட்டர் முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறவர் சிட்டி மோடில் போனாலும் மிச்சம் பிடிப்பார். சிக்னல் கம்பம்வரை சீறிப் போய் நிற்கிறவரை ஈக்கோ காப்பாற்றாது.

கம்பெனி சொல்லும் மைலேஜும் இதனால்தான் வீட்டுக்கு வருவதில்லை. இந்தியாவில் அந்தச் சான்றிதழுக்கான ஓட்டம் ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் சுமார் இருபது நிமிஷம் நடக்கிறது, உச்ச வேகம் 90, ஏசி கிடையாது. அங்கே பிளாமூடு ஏற்றமும் கிடையாது, குறுக்கே வந்து நிற்கும் ஆட்டோவும் கிடையாது.

திருவனந்தபுரம் டவுனுக்குள், ஆக, ஈக்கோவிலேயே விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம். அதற்கு எதிராகச் சொல்லப்படும் புகார் ஒன்றே: "ஏத்தத்துல இழுக்கமாட்டேங்குது." அதில் பாதி உண்மை. பட்டம் ஏற்றத்தில் நாலு பேரும் ஏசியுமாகப் போகும்போது ஈக்கோவில் வண்டி மூச்சு வாங்கும். ஓட்டுகிறவர் மிதியை மேலும் மேலும் அழுத்துவார். கடைசியில் எஞ்சினுக்குக் கிடைப்பது சிட்டியில் கிடைக்கிற அதே பெட்ரோல்தான். மிச்சம் ஒன்றுமில்லை, எரிச்சல்தான் மிச்சம். அப்படிப்பட்ட ஏற்றத்தில் சிட்டிக்கு மாற்றிவிட்டு ஏறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதைவிடப் பெரிய தப்பு, ஏஎம்டி வண்டிகளில் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி அழுத்தியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்திவைப்பது. எந்த மோடானாலும் கிளட்ச் சூடாகித் தேய்ந்துபோக அதுவே சுருக்கு வழி.

பைபாஸில் விஷயம் இன்னும் எளிது. டெக்னோபார்க் 1990-ல் வந்தது. அதன் வாசலில் சேர்ந்த நெரிசலைத் தாண்ட 2.7 கி.மீ. நீள உயர்நிலைச் சாலை கழக்கூட்டத்தில் 2022-ல் திறக்கப்பட்டது. மேலே ஏறி ஒரே வேகத்தைப் பிடித்துவிட்டால் மோடுகளுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கே பெட்ரோலைத் தின்பது காற்று. 60-லிருந்து 90-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது. 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள் என்று பெட்ரோலியச் சேமிப்பு ஆய்வுச் சங்கம் தூர்தர்ஷன் காலத்திலிருந்து சொல்லிவருகிறதே, அதற்கு அடிப்படை இதுதான். சர்வீஸ் ரோட்டிலிருந்து பைபாஸுக்குள் நுழையும் அந்தச் சில விநாடிகள் மட்டும் விதிவிலக்கு. 80-ல் வரும் லாரிக்கு முன்னால் 40-ல் போய் நுழைவது சிக்கனம் ஆகாது.

மைலேஜ் பேச்சு இதோடு போதும். ஏனென்றால் தப்பான மோடால் மாதத்துக்குச் சில நூறு ரூபாய் போகலாம், அது தாங்கக்கூடியது. தாங்க முடியாதது நடப்பது எம்.சி. ரோட்டில்.

கேசவதாசபுரத்தில் தொடங்கி, வெஞ்ஞாறமூடு, கிளிமானூர், கொட்டாரக்கரை வழியாக அங்கமாலிவரை போகும் இந்தச் சாலை பெரும்பகுதியும் இருவழிதான். நடுவில் தடுப்பு கிடையாது. வளைவு, ஏற்றம், சாலையோரத்தில் வரிசையாக வீடுகள், எங்கே வேண்டுமானாலும் நிற்கும் பஸ்கள். முந்த வேண்டுமென்றால் எதிர்த்திசை வண்டிகளின் பாதையில் போய்த்தான் முந்த வேண்டும். 2023 ஜூலையில் கேரளம் வேகவரம்புகளை மாற்றியபோது இங்கே கார்களுக்கு 90 கி.மீ. என்று வைத்தது. எதிரே வரும் வண்டியும் 70, 80-ல் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

முன்னால் 40 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ். பின்னால் பத்து மீட்டர் இடைவெளியில் ஒரு கார். பஸ்ஸைத் தாண்டி, அதற்கு முன்னால் பத்து மீட்டர் விட்டு மறுபடி இடப்பக்கம் சேர, பஸ்ஸைவிட ஏறக்குறைய 36 மீட்டர் அதிகம் போக வேண்டும். ஈக்கோவின் மந்தமான மிதிப்பில் கிடைக்கிற முடுக்கத்தில் இதற்கு ஏழு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வண்டி 'விழித்துக்கொள்ள' எடுக்கும் ஒரு விநாடியையும் சேர்த்து எட்டு. ஸ்போர்ட்டில் முன்னேற்பாட்டோடு போனால் ஐந்தரை. வித்தியாசம் இரண்டரை விநாடி. அந்த இரண்டரை விநாடியில் எதிரே 70-ல் வரும் வண்டி கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் வந்துவிடும். ஐம்பது மீட்டர் என்பது நாலு பஸ்களை வரிசையாக நிறுத்திய நீளம்.

வண்டிக்கு வண்டி இந்த எண்கள் மாறும். மிதியைக் கடைசிவரை அழுத்தினால் ஈக்கோவிலும் முழுச் சக்தி தந்துவிடுகிற கார்கள் இருக்கின்றன, தராதவையும் இருக்கின்றன. ஆபத்து அந்தத் தெரியாமையில்தான். டவுனுக்குள் ஈக்கோவில் ஓட்டிப் பழகிய கால், அதே மோடில் வெஞ்ஞாறமூடு தாண்டி ஒரு பஸ்ஸின் பின்னால் நிற்கிறது. இடைவெளி தெரிகிறது. கால் வழக்கமான அளவு அழுத்துகிறது. வண்டி வரவில்லை. அதற்குள் பாதி தூரம் எதிர்ப்பாதையில் போயாயிற்று. இன்னும் அழுத்துவதா, பிரேக் பிடித்துப் பின்வாங்குவதா? அந்த நேரத்தில் பொத்தானைத் தேடுகிறவர்களும் உண்டு. அதைவிட மோசமான காரியம் இல்லை. கண் சாலையிலிருந்து விலகுகிறது, கை ஸ்டியரிங்கிலிருந்து விலகுகிறது.

முந்துவதற்காக மோடை மாற்றுவதானால் பஸ்ஸின் பின்னால் இருக்கும்போதே, இடைவெளி தெரிவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இன்னும் நல்லது, கேசவதாசபுரம் தாண்டும்போதே சிட்டிக்கு வந்துவிடுவது. கொட்டாரக்கரைவரை ஈக்கோவில் போய் மிச்சம் பிடிக்கும் நூறு மில்லி, இருநூறு மில்லியை அன்று மறந்துவிடலாம். ஸ்போர்ட்டில் போனால் எல்லாரையும் முந்தலாம் என்று நினைப்பவர்களுக்கும் அந்தச் சாலையில் பதில் இருக்கிறது: வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பதை எந்த மோடும் காட்டாது.

பொன்முடிக்கு வருவோம். கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 1,100 மீட்டர். ஏறும்போது எல்லாரும் ஜாக்கிரதையாகவே இருக்கிறார்கள். எஞ்சின் உறுமுகிறது, கியர் குறைகிறது, ஈக்கோ உதவாது என்பது வண்டியே சொல்லிவிடுகிறது. ஆட்டோமேட்டிக் வண்டி ஈக்கோவில் வளைவுக்கு வளைவு மேல் கியருக்குப் போய், திணறி, மறுபடி இறங்கும். சிட்டியிலோ ஸ்போர்ட்டிலோ போனால் அந்தத் தடுமாற்றம் இருக்காது. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது இறங்குவதைப் பற்றி. மாலை ஐந்து மணிக்கு மூடுபனி இறங்கும்போது கார்களும் இறங்கத் தொடங்கும். "இனி இறக்கம்தானே, பெட்ரோல் எதற்கு?" என்று ஈக்கோவுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்கும் மேலே போய் நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. எஞ்சினையே அணைத்துவிடும் பழைய லாரிக்காரர்களின் வித்தையைக் கார்களிலும் செய்துபார்க்கும் மேதாவிகள்கூட இருக்கிறார்கள். மூன்றும் தப்பு, ஒன்றைவிட ஒன்று மோசமான தப்பு.

நாலு பேரோடு 1,600 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது விடுவிக்கிற ஆற்றல், ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஆற்றுக்கால் பொங்கலை அன்று ஒரு தெருமுனையில் எத்தனை பானை பொங்குமோ, கிட்டத்தட்ட அத்தனைக்கும் போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்கிக்கொள்ள இரண்டே பேர்: பிரேக், எஞ்சின். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் தன் பங்கைச் சுமந்துகொள்கிறது. 'எஞ்சின் பிரேக்கிங்' என்று மலைச் சாலை டிரைவர்கள் சொல்வது இதைத்தான். ஈக்கோவில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மேல் கியருக்கே ஓடுவதால் அந்த உதவி குறைகிறது. நியூட்ரலில் அறவே கிடையாது. எல்லா வெப்பமும் பிரேக்கின் தலையில். பத்தாவது வளைவில் தீய்ந்த வாசனை. பதினைந்தாவதில் மிதி காலுக்கடியில் ஆழமாகப் போகத் தொடங்கும். எஞ்சினையும் அணைத்திருந்தால் பிரேக்குக்கு உதவும் சக்தி சில மிதிப்புகளோடு தீர்ந்துபோகும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

சிக்கனம் என்ற வாதமும் இங்கே நிற்காது. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் எரிபொருளையே நிறுத்திவிடுகிறது. சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் போயாக வேண்டும். அதாவது இறக்கத்தில் நியூட்ரல் என்பது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது. கார்புரேட்டர் காலத்து ஞானம் இன்னும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பொன்முடியிலிருந்து இறங்கும்போது, அதனால், மானுவல் வண்டியானால் ஏறிய அதே கியரில் இறங்கலாம். ஆட்டோமேட்டிக்கானால் கியரைக் கையால் குறைத்து வைக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் ஸ்போர்ட். வேகத்துக்கென்று வைத்த மோடு மெதுவாக இறங்கத்தான் மிக நன்றாகப் பயன்படுகிறது. கீழ் கியரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் அதன் பிடிவாதம் அங்கே குணமாகிவிடுகிறது.

பாட்டரிக் கார்களில் கணக்கு வேறு. அவற்றில் காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிக்னலில் கரைந்துபோன அந்த இரண்டு ரூபாயில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. அதனால்தான் டவுன் நெரிசல் பெட்ரோல் கார்களைப் படுத்தும் அளவுக்கு இவற்றைப் படுத்துவதில்லை. 2020-ல் வந்த முதல் நெக்ஸான் மின்காரின் பாட்டரி 30.2 யூனிட். நாலு பேரோடு பொன்முடி ஏற, சமதளத்தில் ஆகிற செலவுக்கு மேல் நாலைந்து யூனிட் போகும். இறங்கும்போது அதில் கணிசமான பங்கு திரும்பக் கிடைக்கும், திரும்பப் பெறும் அளவைக் கூட்டி வைத்திருந்தால். ஆனால் ஒரு நுணுக்கம். நூறு சதவீதம் நிறைந்த பாட்டரியில் திருப்பி ஊற்ற இடம் கிடையாது. மேலேயே தங்கி இரவெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குகிறவர், முதல் சில வளைவுகளில் வண்டி எதிர்பார்த்தபடி மட்டுப்படவில்லை என்று திகைக்கலாம்.

மின்கார்களில் மோடின் மீது வரும் சண்டையும் பெரிது. அதே காருக்கு 312 கி.மீ. என்று சான்றிதழ். அவ்வளவு வரவில்லை, 200-கூட எட்டவில்லை என்ற புகாரின்பேரில் 2021-ல் டெல்லி அரசு அந்த மாடலுக்கான மானியத்தை நிறுத்திவைக்க, கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. ஒரே வண்டி ஒருவருக்குத் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்பிய பிறகும் பாதி சார்ஜ் மிச்சம் வைக்கிறது, இன்னொருவரைப் பாறசாலையில் சார்ஜரைத் தேடவைக்கிறது என்றால், அதில் ஏசிக்கும் வேகத்துக்கும் காலுக்கும் எத்தனை பங்கு, மோடுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்டுவது கோர்ட்டுக்கும் கஷ்டம்தான்.

மழையை மறக்கக் கூடாது. ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொன்று. தம்பானூரில் தண்ணீர் தேங்குவது செய்தித்தாள்களின் வருஷாந்திர வழக்கம். ஈரச் சாலையில் ஸ்போர்ட் வேண்டாம். மிதியின் சிறு அசைவுக்கும் துள்ளுகிற வண்டியின் சக்கரம், வெள்ளைக் கோட்டின் மீதோ தார் மினுங்கும் இடத்திலோ சட்டென்று வழுக்கும். மின்காரில் திரும்பப் பெறும் அளவையும் மழையில் குறைத்து வைப்பது நல்லது. காலை எடுத்ததும் சக்கரத்தைப் பிடித்து இழுப்பதும் வழுக்கலுக்குக் காரணமாகலாம். 2019-ல் வந்த ஹாரியர் போன்ற சில வண்டிகளில் ஈக்கோ, சிட்டி, ஸ்போர்ட் போதாதென்று மழைக்கும் கரடுமுரடு சாலைக்கும் தனி மோடுகள் இருக்கின்றன. அவை வெறும் அலங்காரம் அல்ல. சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் கருவி எப்போது, எவ்வளவு குறுக்கிட வேண்டும் என்பதை மாற்றுகின்றன. முன்கண்ணாடியில் ஆவி படிகிற நேரத்தில் ஈக்கோவின் அடங்கிய ஏசியைப் பார்த்து மைலேஜ் கணக்குப் போடுவதும் வேண்டாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தினமும் திருவனந்தபுரம் வந்து போகிறவர்களுக்கு இந்த மோடுகள் எல்லாம் ஒரே பயணத்தில் வேண்டியிருக்கும். நெய்யாற்றின்கரைவரை குறுகிய சாலையில் பஸ்களின் பின்னால். பாலராமபுரம் சந்திப்பில் ஊர்ந்து ஊர்ந்து. பிராவச்சம்பலம் தாண்டினால் அகலச் சாலை. கரமனையில் மறுபடி நெரிசல். முதல் பகுதிக்கு சிட்டி, மற்றதற்கெல்லாம் ஈக்கோ என்று வைத்துக்கொண்டால் பொத்தானை இரண்டு தடவைக்கு மேல் தொட வேண்டியிருக்காது.

இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்வது? கேரளத்தில் கார் லைசென்ஸுக்கு 'எச்' போட வேண்டும். கம்பங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்க் காட்டுவது. ரோடு டெஸ்ட்டும் உண்டு. இரண்டிலும் மோடு பற்றிய பேச்சு கிடையாது, இறக்கத்தில் எந்தக் கியர் என்ற கேள்வியும் பெரும்பாலும் கிடையாது. காரோடு வரும் புத்தகம் டாஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கும். பிரித்தாலும் பெரும்பாலும் ஆங்கிலம். ஷோரூம்காரர்கள் டெஸ்ட் டிரைவுக்குத் தட்டையான பைபாஸைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், தனி ஆளாக. வாங்க நினைப்பவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு, பி.எம்.ஜி.யிலிருந்து பட்டம்வரை ஈக்கோவில் ஒரு தடவை, சிட்டியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு, ஆளில்லாத ஒரு நேர்ச்சாலையில் விடியற்காலைப் பத்து நிமிஷம் போதும்: ஈக்கோவில் 40-லிருந்து மிதியைக் கடைசிவரை அழுத்தினால் வண்டி எப்போது விழிக்கிறது, சிட்டியில் எப்போது, ஸ்போர்ட்டில் எப்போது என்று மனதுக்குள் விநாடி எண்ணிப் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்து வைத்துக்கொண்டவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கார்களில் எஞ்சினை அணைத்ததும் மோடு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நேற்று ராத்திரி ஈக்கோவில் வீடு வந்து சேர்ந்த கார், காலையில் சிட்டியில்தான் எழுந்திருக்கும்.